பனி விழுமுன்: இரண்டு குதிரைகளும் ஐந்து ஏக்கரும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மண் இறுகி உறைய டிசம்பர் ஆகிவிடும். குதிரையின் தோல் அதுவரை காத்திருப்பதில்லை. ஜூன் 21 தாண்டி, பகல் குறையத் தொடங்கியதுமே அது குளிர்காலத்துக்குத் தயாராக ஆரம்பிக்கிறது. மினியாபொலிஸ் நகரத்தில் கோடை உச்சியில் பதினைந்தரை மணி நேரம் நீளும் பகல், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எட்டே முக்கால் மணி நேரமாகச் சுருங்கிப்போகிறது. வெளிச்சம் குறையக் குறைய, மூளையில் உள்ள பினியல் சுரப்பி இரவில் மெலடோனின் என்ற ஹார்மோனை அதிக நேரம் சுரக்கிறது. அதையொட்டி புரோலாக்டின் என்ற மற்றொரு ஹார்மோன் இறங்குகிறது. வழவழவென்ற கோடை மயிர் உதிர்ந்து, நீண்டு தடித்த மயிர் முளைக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே தேய்க்கும் பிரஷில் மயிர் கொத்தாக வருவது இதனால்தான். டிசம்பர் கழிந்து பகல் மறுபடி நீளத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகும். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும். குதிரையோ குளிர்கால மயிரைத் தளர்த்தத் தொடங்கியிருக்கும்.

நகரத்தை விட்டு ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கி, இரண்டு குதிரைகளோடு குடிபோகிறவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் வந்து சேர்கிறார்கள். புல் பச்சையாக இருக்கும், வேலி நிமிர்ந்து நிற்பதுபோல் தெரியும், குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். எஞ்சியிருப்பது மூன்றே மாதம். இதே மாநிலத்தின் வடக்கே டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 51 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அது எப்போதோ ஒருமுறை வருவது. ஆனால் கழித்தல் 25, கழித்தல் 30 அங்கே அதிசயம் இல்லை.

இந்த எண்களைக் கேட்டதும் புதியவர் முதலில் தேடுவது போர்வையையும் கதவு மூடிய லாயத்தையும். அது தேவையற்ற பதற்றம். குதிரை தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி. அந்த அடுப்புக்கு விறகும் தண்ணீரும் தடையில்லாமல் கிடைக்கச் செய்வதும், உண்டான சூட்டை ஈரமும் காற்றும் கொண்டுபோகாமல் பார்ப்பதுமே மனிதரின் பங்கு. இலையுதிர் காலத்து வேலைகள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

முதலில் மயிர். ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு நுண்ணிய தசை இருக்கிறது. குளிர் பட்டதும் அது சுருங்கி மயிரைச் செங்குத்தாக நிறுத்தும். நமக்கு மயிர்க்கூச்செறிவதும் இதே தசையால்தான். நமக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை, குதிரைக்கு அது பஞ்சு மெத்தை. நிமிர்ந்த மயிர்களுக்கிடையே காற்று அசையாமல் தங்கி, தோலின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. பனி கொட்டும்போது வெளியே நிற்கும் குதிரையின் முதுகில் இரண்டு விரல் கனத்துக்குப் பனி உருகாமல் படிந்திருக்கும். பார்ப்பவருக்கு ஐயோ என்று இருக்கும். உண்மையில் அது நல்ல சகுனம். உடம்பின் சூடு மயிரைத் தாண்டி வெளியேறியிருந்தால் பனி உருகியிருக்கும். அந்தப் பனிக்கு அடியில் விரல்களை நுழைத்துத் தோலைத் தொட்டால் கதகதப்பாக இருக்கும்.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பது நனைவது. மழையிலோ ஈரப்பனியிலோ மயிர் தோலோடு ஒட்டிக்கொண்டால் காற்று தங்க இடமில்லை. சேறு காய்ந்து மயிரைத் திரித்தாலும் அதே கதி. அக்டோபர் கடைசியில் 3 டிகிரியில் பெய்யும் மழை, ஜனவரியின் காய்ந்த கழித்தல் 15-ஐ விட ஒரு குதிரையை அதிகம் நடுங்க வைக்கும்.

மெல்லிய போர்வை ஒன்றைப் போட்டுவிட்டால் ஆயிற்று என்று நினைப்பதும் சிக்கல்தான். அது நிமிர வேண்டிய மயிரை அமுக்கிவிடுகிறது. கதகதப்பு போதாத போர்வை வெறும் பாரம். மயிரை மழித்த குதிரை, கிழடு, மெலிந்தது, தெற்கிலிருந்து அண்மையில் வந்து குளிருக்குப் பழகாதது ஆகியவற்றுக்குப் போர்வை தேவை. மற்றவற்றுக்கு? நார்வே நாட்டு ஆய்வாளர்கள் அதைக் குதிரைகளிடமே கேட்டார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். கிடைக்கோடு போட்டிருந்தால் ‘போர்வையைப் போடு’, செங்குத்துக்கோடு என்றால் ‘எடுத்துவிடு’, வெறும் பலகை என்றால் ‘இருப்பது இருக்கட்டும்’. இரண்டு வாரத்துக்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டு, மூக்கால் பலகையைத் தொட்டுத் தேவையைச் சொல்லின. மழையும் காற்றும் குளிருமாக இருந்த நாட்களில் போர்வை கேட்டன. வெயில் அடித்த நாட்களில் கழற்றச் சொல்லின.

இனி அடுப்பு. மாடு முன்வயிற்றில் புல்லை நொதிக்க வைத்து அசைபோடும். குதிரைக்கு அந்த வேலை குடலின் பின்பகுதியில் நடக்கிறது. அதன் இரைப்பை உடம்பளவுக்குப் பார்த்தால் சின்னது, 8 முதல் 15 லிட்டர் கொள்ளும். அதைத் தாண்டி, சிறுகுடலின் முடிவில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் முப்பது லிட்டர் கொள்ளளவும் உள்ள சீக்கம் என்ற பை தொங்குகிறது. அதையடுத்து மடிந்து மடிந்து கிடக்கும் பெருங்குடல். இந்த இருட்டுத் தொட்டிகளில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் நார்ப்பொருளைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அமிலம் குதிரைக்கு ஆற்றல். சிதைக்கும்போது வெளிப்படும் வெப்பம் அதன் கணப்பு. இரவு பத்து மணிக்குப் போட்ட புல், விடியற்காலை நான்கு மணிக்கு, குளிர் உச்சத்தில் இருக்கும்போது, உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

குளிர் அதிகமானால் ஓட்ஸோ மக்காச்சோளமோ கூடுதலாகப் போடும் பழக்கம் பல பண்ணைகளில் உண்டு. தானியத்தின் மாவுச்சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடுவதால், நார் நொதிக்கும்போது வரும் அளவுக்கு வெப்பம் அதில் வராது. கூடவே, திடீரென்று தானியத்தை ஏற்றினால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிரிகளின் குடித்தனத்தையே கலைத்துவிடும். கணப்புக்கு விறகுதான் வேண்டும். இங்கே விறகு என்பது காய்ந்த புல்.

எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. குளிருக்குப் பழகி, குளிர்கால மயிர் முழுதும் வளர்ந்த குதிரை, கழித்தல் 15 டிகிரி வரை கூடுதல் தீனி இல்லாமலே உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளும். கோடை மயிரோடு இருப்பதற்கும், தொப்பலாக நனைந்ததற்கும் இந்த எல்லை 5 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. குளிருக்குப் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். எல்லைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 சதவீதம் தீனி கூட வேண்டும். 500 கிலோ குதிரை நாளுக்கு உடல் எடையில் 2 சதவீதம், அதாவது 10 கிலோ, உலர்புல் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், கழித்தல் 30 டிகிரி இரவுகளில் அது 13 கிலோவாக உயர வேண்டும்.

குளிருக்கு ஈடுகொடுப்பதில் எல்லை எது என்பதற்கு சைபீரியாவின் யாகுட்டியக் குதிரை சாட்சி. கழித்தல் 50 டிகிரியிலும் திறந்தவெளியில், பனியைக் குளம்பால் தோண்டிப் புல் தின்று வாழும் இனம் அது. யாகுட் மக்கள் 13 முதல் 15-ஆம் நூற்றாண்டுக்குள் அங்கே குடியேறியபோது தங்களோடு கூட்டிப்போன குதிரைகளின் வழிவந்தவை இவை என்று 2015-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சில நூற்றாண்டுகளுக்குள் குட்டையான கால், தடித்த மயிர் எல்லாம் வந்துவிட்டன. மினசோட்டாவின் பந்தயக் குதிரை வழித்தோன்றல்களிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

புல் வாங்குவதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மேய்ச்சல் அக்டோபர் நடுவில் முடிந்து மே நடுவில்தான் மறுபடி கிடைக்கும், 210 நாள். குதிரைக்கு 2.1 டன், இரண்டுக்கு 4.2 டன்; குளிருக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 5 டன் என்று வைத்துக்கொள்வது நல்லது. இருபது, இருபத்திரண்டு கிலோ எடையுள்ள சின்னச் சதுரக் கட்டுகளாக வாங்கினால் இருநூற்றைம்பது வரை அடுக்க இடம் வேண்டும். ஆகஸ்டிலேயே பேசி முடிக்காவிட்டால் பிப்ரவரியில் கேட்ட விலை கொடுக்க வேண்டியிருக்கும். பெரிய உருளைக் கட்டு மலிவு. ஆனால் அதைத் தரையில் போட்டு அப்படியே தின்னவிட்டால் பாதிக்கு மேல் மிதிபட்டும் சிறுநீரில் ஊறியும் பாழாகும். மினசோட்டா பல்கலைக்கழகம் அளந்து பார்த்தபோது, தீவனத் தொட்டி இல்லாத இடத்தில் 57 சதவீதம் வீணானது. தொட்டி வைத்த இடங்களில் தொட்டியின் வடிவத்தைப் பொறுத்து 5 முதல் 33 சதவீதம்.

கட்டின் எடையைக் கேட்டு மட்டும் வாங்கக் கூடாது. ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கயிற்றை அறுத்ததும் கட்டு அடுக்கடுக்காகப் பிரிந்து விழும். ஓர் அடுக்கை எடுத்து உதறினால் வெண்புகை மாதிரித் தூசி எழுந்தால் அது பூஞ்சை. நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் ஈரத்தோடு கட்டியிருக்கிறார்கள். நல்ல புல்லுக்கு லேசான பச்சை நிறமும் தேயிலைப் பெட்டியைத் திறந்தாற்போன்ற வாசனையும் இருக்கும். திமோதிப் புல்லும், அமெரிக்கர்கள் அல்ஃபால்ஃபா என்கிற குதிரைமசாலும் கலந்த கட்டு அங்கே பரவலாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலும் பால்மாட்டுக்குப் போடும் அந்தத் தீவனப்பயிர், பெயரில் மட்டும் குதிரையை விடாமல் வைத்திருக்கிறது.

ஈரத்தோடு கட்டிய புல் பூஞ்சை பிடிப்பதோடு நிற்காது. ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே நுண்ணுயிரிகள் பெருகிக் கட்டைச் சூடாக்கும். 70 டிகிரி வாக்கில் அவை தாமே வெந்து சாகும். அதற்குள் வேதிவினைகள் பொறுப்பேற்று வெப்பத்தை மேலும் ஏற்றிவிடும். அடுக்கின் நடுவில் 80 டிகிரி காட்டினால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வருவதற்குள் பதறிப்போய்க் கட்டுகளை இழுத்துப் பிரித்தால், காத்துக்கிடந்த ஆக்சிஜன் உள்ளே புகுந்து குப்பென்று பற்றிக்கொள்ளும். புதுப் புல்லை முதல் ஆறு வாரம் கம்பி வெப்பமானியால் குத்திப் பார்ப்பதும், கிடங்கைக் குதிரைகள் இருக்கும் கொட்டகையிலிருந்து தள்ளி வைப்பதும் இதனால்தான்.

புல் போலவே முக்கியம் தண்ணீர். குளிர்காலத்தில் முதலில் கோட்டைவிடுவதும் இதில்தான். பச்சைப் புல்லில் 60 முதல் 80 சதவீதம் தண்ணீர்; உலர்புல்லில் 15 சதவீதம் இருந்தாலே அதிகம். மேய்ச்சலை விட்டுக் கட்டுக்கு மாறும் நாளிலிருந்து குதிரை அந்தக் குறையைத் தொட்டியில் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். நாளுக்கு 25 முதல் 45 லிட்டர். குடிக்காவிட்டால் பெருங்குடலின் வளைவுகளில் காய்ந்த நார் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். குதிரை தரையைக் கீறும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். குளிர்காலத்தில் கால்நடை மருத்துவருக்கு நள்ளிரவில் தொலைபேசி அடிப்பதற்குப் பெரிய காரணம் இந்த வயிற்றுவலி.

தண்ணீரின் சூடும் கணக்கில் வரும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மட்டக் குதிரைகளை வைத்துச் செய்த சோதனையில், உறைநிலைத் தண்ணீர் மட்டும் கொடுத்த நாட்களை விட வெதுவெதுப்பாகக் கொடுத்த நாட்களில் அவை ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம் குடித்தன. வேடிக்கை என்னவென்றால், இரண்டு தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அவை ஐஸ் தண்ணீருக்கே போயின. மொத்தத்தில் குறைவாகவும் குடித்தன. ஆகவே தொட்டிக்கு மின்சூடேற்றி போடுகிறவர் எல்லாத் தொட்டிக்கும் போட்டால்தான் பலன்.

பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளாதா? பழகிய குதிரைகள் ஓரளவு சமாளிக்கின்றன. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். 20 கிலோவுக்கு 6.7 மெகாஜூல். ஒரு கிலோ உலர்புல்லில் குதிரைக்குக் கிடைக்கும் ஆற்றலே ஏறக்குறைய 8 மெகாஜூல் என்பதால், வெப்பக் கணக்கில் இது பெரிய நஷ்டமில்லை. இடிப்பது கொள்ளளவு. புதிதாய் விழுந்த பனி பத்து லிட்டர் உருகினால் ஒரு லிட்டர் தண்ணீர். 20 லிட்டருக்கு 200 லிட்டர் பனியை வாயால் அள்ள வேண்டும். உலர்புல்லும் தின்றுகொண்டு அவ்வளவு பனியை எந்தக் குதிரையும் தின்னாது.

தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியும் உறையாமல் இருக்க வேண்டும். மினசோட்டாவின் கட்டட விதிகள் உறைபனி இறங்கும் ஆழமாக வடக்கே 5 அடியையும் தெற்கே 3½ அடியையும் வைத்திருக்கின்றன. தண்ணீர்க் குழாயை அதற்கும் கீழே பதிக்கிறார்கள். முற்றத்தில் நிற்கும் உறையாக் குழாய் எளிய தந்திரத்தில் இயங்குகிறது: கைப்பிடி மேலே இருந்தாலும் அடைப்பான் நிலத்துக்கடியில், உறையாத ஆழத்தில் இருக்கும். கைப்பிடியை இறக்கினால் அடைப்பான் மூடிக்கொள்ளும். அதே நொடியில் அதன் பக்கத்தில் ஒரு சிறு துளை திறந்து, நிமிர்குழாயில் நிற்கும் தண்ணீர் கீழேயுள்ள சரளைக்கற்களுக்குள் வடிந்துவிடும். உறைவதற்குத் தண்ணீரே இருக்காது. ஆனால் வாயில் ரப்பர் குழாயை மாட்டியபடி விட்டுவிட்டால், மேலிருந்து காற்று புக வழியில்லாமல் தண்ணீர் வடியாது. விடிவதற்குள் இரும்புக்குழாய் வெடித்திருக்கும். மண் உறைந்தபின் அதைத் தோண்டி மாற்ற வழியில்லை, ஏப்ரல் வரை வாளியில்தான் சுமக்க வேண்டும். செப்டம்பரில் கைப்பிடியை ஏற்றி இறக்கி, தண்ணீர் உள்ளே வடியும் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

காற்றைத் தடுக்க மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்பும் உள்ள கொட்டகை போதும். இரண்டு குதிரைக்கு 12 அடிக்கு 20 அடி. குளிர்காலத்தில் அங்கே வடமேற்கிலிருந்து காற்று அடிப்பதால் திறப்பு தெற்கு அல்லது தென்கிழக்குப் பார்த்திருக்கும். அதைக் கட்டியபின்னும் குதிரைகள் பனியில் வெளியே நிற்பதைப் பார்த்துச் சிலர் மனம் நொந்துபோகிறார்கள். மழையும் காற்றும் சேர்ந்தால் அவை தாமாகவே உள்ளே போகும். இதற்கு நேர்மாறான தவறு, சன்னல் கதவுகளை எல்லாம் இறுக அடைத்த லாயம். மூச்சின் ஈரம் கூரையில் கோத்து முதுகில் சொட்டும். சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும் புல்தூசியும் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமா போன்ற இளைப்பைக் கொண்டுவரும். லாயத்துக்குள் நுழைகிறவருக்குக் கண் எரிந்தால், மூக்கு தரைக்குப் பக்கத்தில் இருக்கும் குதிரைக்கு அதைவிட அதிகம் எரியும்.

நிலத்தில் செப்டம்பர் மாதத்தில் தேடவேண்டியது ஒரு மரம். பாக்ஸ் எல்டர் என்ற மேப்பிள் வகை அங்கே வேலியோரம் எல்லாம் தானாக முளைக்கிறது. இலையுதிர் காலத்தில் சிறகு வைத்த விதைகளைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கிறது. மேய்ச்சல் வற்றிய நிலத்தில் பசித்த குதிரை அவற்றைப் பொறுக்கித் தின்றால், சில நாட்களில் தசைகள் இறுகி, சிறுநீர் கறுத்து, நிற்க முடியாமல் விழும், பெரும்பாலானவை பிழைப்பதில்லை. நெடுங்காலம் புரியாத நோயாக இருந்த இதன் காரணம் விதையிலுள்ள ஹைப்போகிளைசின் ஏ என்பதை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி வால்பர்க் குழுவினர் கண்டுபிடித்து 2013 வாக்கில் வெளியிட்டனர். கொழுப்பை எரிக்கும் நொதிகளை இது முடக்குகிறது. பீகாரின் முசாபர்பூரில் இரவு உணவில்லாமல் லிச்சிப் பழம் தின்ற குழந்தைகளைத் தாக்கிய மூளை நோய்க்கும் இதே நஞ்சுக்கும் உள்ள தொடர்பு 2014-ல் நடந்த ஆய்வில் தெரியவந்தது. மரத்தை வெட்டுவது அல்லது அந்தப் பகுதியை வேலி போட்டு மறிப்பது, கூடவே வயிறு நிறையப் புல் கொடுப்பது. இதற்கு மேல் மருந்து இல்லை. புல்லிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. முதல் கடும் உறைபனியில் கருகிய மேய்ச்சலில் சர்க்கரை தேங்கியிருக்கும். குளம்பு அழற்சிக்கு ஆளாகக்கூடிய குதிரையை ஒரு வாரம் அதில் விடாமல் இருப்பது நல்லது.

வேலிக் கம்பங்களுக்குக் குழி தோண்டுவது மண் உறையுமுன் முடிய வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். மின்வேலியின் தொல்லை அப்படி விளங்காது. கம்பியைத் தொட்ட குதிரையின் உடல் வழியே மின்னோட்டம் நிலத்துக்கு இறங்கி, பதித்த கம்பி வழியே கருவிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி. உறைந்த மண்ணும் காய்ந்த பனியும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஜனவரியில் குதிரை வேலியில் மூக்கை வைத்து, ஒன்றும் நேராததைக் கண்டுகொண்டு, சாவகாசமாகச் சாய்த்துவிட்டுப் போகும். மின்கம்பிக்குப் பக்கத்திலேயே நிலத்தொடர்புக் கம்பி ஒன்றையும் இழுத்துவிட்டால், இரண்டையும் ஒருசேரத் தொடும்போது மண்ணின் துணை தேவைப்படாது.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும், குளிரில் சற்றுக் குறையும்; ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். சவாரி இல்லாத குதிரைக்கு லாடத்தைக் கழற்றிவிடுவார்கள். உள்ளங்காலின் சூட்டில் லேசாக உருகும் பனி குளிர்ந்த இரும்பில் பட்டு மறுபடி உறைந்து, நான்கு காலிலும் பந்து கட்டிவிடும். உயரக் கட்டை செருப்புப் போட்டதுபோல் குதிரை தள்ளாடும்.

கடைசியாகக் குதிரையின் உடம்பு. தடித்த மயிர் எதையும் காட்டாது. கண்ணுக்குக் கொழுகொழுவென்று தெரிகிற குதிரை உள்ளே எலும்பாக இருக்கலாம். 1983-ல் டெக்சாஸில் ஹென்னெக் வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவுகோலில் விலா, முதுகு, வால் அடி, தோள், பிடரி எல்லாவற்றையும் கையால் அழுத்திப் பார்த்து எண் கொடுக்கிறார்கள். கையுறையைக் கழற்றி விரல்களை விலாவின் குறுக்கே ஓட்டினால், லேசான சதைக்கு அடியில் எலும்பு தட்டுப்பட வேண்டும், அது 5. குளிர்காலத்துக்குள் 5 அல்லது 6-ல் நுழைவது நல்லது. ஜனவரியில் 4-க்கு இறங்கியபின் மீட்டெடுக்க நிறையக் கூடுதல் புல் வேண்டும்.

இருபது வயதைத் தாண்டிய குதிரைகளே பெரும்பாலும் அப்படி இறங்குகின்றன. குதிரைப் பல் ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் மேலே தள்ளிக்கொண்டு வந்து தேய்வது. கிழக் குதிரைக்குத் தள்ள ஒன்றும் மிச்சமிருக்காது. முன்னால் நல்ல புல் கிடக்கும், குதிரையும் மென்றுகொண்டே இருக்கும், ஆனால் தொட்டிக்கு அடியில் பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். அக்டோபரிலேயே பல் பார்க்கிறவரை வரவழைத்துக் கூர்முனைகளை அரமிட்டுத் தேய்க்கச் சொல்வதும், உருண்டை விழத் தொடங்கினால் குதிரைமசால் குச்சித் தீவனத்தையோ சர்க்கரை எடுக்கும் பீட்டின் சக்கையையோ வெந்நீரில் ஊறவைத்துக் களியாகக் கொடுப்பதும் வழக்கம். அதிலும் ஒரே வாளியில் ஏழெட்டு லிட்டர் தண்ணீர் சேர்ந்தே உள்ளே போய்விடுகிறது.